பத்தாவது கேள்வி

டாக்டர் திலகவதி புதுவாயலில் கிளினிக் திறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மாதாமாதம் தபாலில் மருத்துவ இதழ் வரும். கடைசித் தாளில் பத்துக் கேள்வி. சரியாக எழுதி அனுப்பினால் புள்ளிகள். டாக்டர் பதிவைப் புதுப்பிக்க அது வேண்டும். கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் பதில் எழுதவேண்டுமாம். யார் படிக்கிறது? வாசலில் நாற்பது பேர் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தாளை மட்டும் கிழித்து, மளமளவென்று டிக் அடித்து, நர்ஸ் கல்பனாவிடம் கொடுத்துவிடுவார்.

அன்று மத்தியானம் புது இதழ் வந்தது. போன மாதக் கேள்விகளும் சரியான விடைகளும் அதில் இருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி மார்க் பார்க்க உட்கார்ந்தார். பத்துக்குப் பத்து!

"கல்பனா, நம்ம மூளை இன்னும் துரு பிடிக்கல" என்றார்.

பத்தாவது கேள்வியை இன்னொரு தடவை பார்த்தார். பழைய பேட்டரி உருக்கும் தொழிலாளி. வயிற்றை முறுக்கும் வலி, மலச்சிக்கல், ரத்தசோகை. என்ன சோதனை? ரத்தத்தில் ஈயம்.

திக்கென்றது. இதே வலி, இதே வெளுத்த கண்ணோடு மூன்று மாதமாக வருகிற யேசுதாஸ்! அல்சர் மாத்திரைக்குக் கேட்கவில்லை என்று, குடல்வால்தான் என முடிவுகட்டி, பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார். நாளைக் காலை ஆபரேஷன்.

யேசுதாஸின் சீட்டை எடுத்தார். தொழில் என்ற இடத்தில் தன் கையெழுத்திலேயே இருந்தது: கம்பெனி. இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நட்டு முடுக்குகிறவரும் கம்பெனி, பிஸ்கட் அடுக்குகிறவரும் கம்பெனி. டாக்டரம்மாவும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார், மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல்.

ஃபோன் போட்டார். "யேசுதாஸ், கம்பெனில என்ன வேலை பாக்கறீங்க?"

"பழைய பேட்டரிய ஒடச்சி உருக்கறதும்மா. இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. "நாளைக்கு ஆபரேஷன் வேணாம். அங்க நான் பேசிக்கறேன். காலையில நேரா இங்க வாங்க, ரத்தத்துல ஈயம் பாக்கணும். தப்பு என்னுது, மொதல்லயே கேட்டிருக்கணும்."

"ஐய, நீங்க இன்னாம்மா பண்ணுவீங்க? நான்தானே கம்பெனின்னு சொன்னேன்."

அந்தப் பெரிய மனசு அவரை இன்னும் சுட்டது. பொன்னேரி சர்ஜனிடம் பேசி ஆபரேஷனை நிறுத்தினார். பிறகு அலமாரியிலிருந்து கடைசித் தாள் இல்லாத போன மாத இதழை உருவி, நின்றபடியே கட்டுரையைப் படித்தார். முதல் வரியிலிருந்து. வாசலில் ஆட்கள் காத்திருந்தார்கள், காத்திருக்கட்டும்.

கட்டுரையின் கடைசிப் பத்தி: ஈயத் தூசி வேலை உடுப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும், வீட்டிலுள்ள சிறு குழந்தைகளையும் சோதிக்க வேண்டும். இதைப் பற்றி அந்தப் பத்தில் ஒரு கேள்விகூட இல்லை.

மறுபடி ஃபோன் போட்டார். "வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணும்மா, ரெண்டு வயசு." யேசுதாஸ் சிரித்தார். "நான் ஊட்டுக்குள்ள நொழையக்கூடாது, ஓடியாந்து தோள்ல ஏறிக்கும். எறக்கவே முடியாது. சட்டைக் காலரக் கடிச்சிக்கினே தூங்கிடும்."

டாக்டரால் சிரிக்க முடியவில்லை. "காலையில பாப்பாவையும் தூக்கிட்டு வாங்க" என்றார். "வேற சட்டை போட்டுக்கிட்டு வாங்க."