விபூதியும் வாரண்டியும்

தங்கதுரைக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்ததற்கு ஜாதகத்தில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு முழுவதும் டீசல் எஞ்சினில்தான் இருந்தது.

அவனுடைய அப்பா ஆதிமூலம் ரிஷிவந்தியம் பக்கம் மரவள்ளி போடுகிறவர். அவரிடம் ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. தங்கதுரையைவிட இரண்டு வயது மூத்தது. வீட்டில் மரியாதையும் அதற்குத்தான் ஜாஸ்தி. தாய்மாமன் தீனதயாளன் கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருப்பவர். போன வருஷம் அவர் வாங்கிய புது டீசல் காரில் இருப்பது எஞ்சினா கம்ப்யூட்டரா என்று அவருக்கே தீர்மானமாகத் தெரியாது. இரண்டும் இருப்பதாக விற்றவன் சொல்லியிருந்தான். இந்த இரண்டு பேரும் எந்த வீட்டில் போய் உட்கார்ந்தாலும், காபி வருவதற்குள் பேச்சு எஞ்சினுக்குள் இறங்கிவிடும்.

"டீசலு, காத்து, அமுக்கம். மூணும் இருந்தா ஓடிக்கினே இருக்கும். இதுக்கு மூளை இன்னாத்துக்கு?" என்பார் அப்பா.

"உங்க வண்டி டீசல குடத்தோட கவுக்குது மாமா. என் வண்டி ஒரு சொட்ட நாலாப் பிரிச்சி, எப்ப ஊத்தணும் எவ்ளோ ஊத்தணும்னு கணக்குப் பண்ணி ஊத்துது" என்பார் தீனதயாளன். அக்கா புருஷனை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"சொட்டு சொட்டா ஊத்தறதுக்கு அது இன்னா கண் ஆஸ்பத்திரியா?"

பிறகு இருவரும் தங்கதுரையின் பக்கம் திரும்புவார்கள். நீயே சொல்லு, எது நல்ல வண்டி? அவன், "ரெண்டும் நல்ல வண்டிதான்" என்பான். முப்பத்திநாலு வயது வரைக்கும் அவன் வாய் திறந்து சொன்ன கருத்து அது ஒன்றுதான். திருநாவலூரில் பார்த்த பெண்ணும் சங்கராபுரத்தில் பார்த்த பெண்ணும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதிலை அனுப்பியிருந்தார்கள்: பையன் நல்ல பையன், ஆனால் அப்பாவையும் மாமாவையும் தாண்டி அவனுக்குப் பேச்சு வருமா என்று தெரியவில்லை.

மூன்றாவது இடம் கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையில். பெண்ணின் பெயர் நிர்மலா. அப்பா மளிகைக் கடைக்காரர். அவள் அங்கேயே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போட்டோவில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். அந்தப் போட்டோவை அவன் எத்தனை தடவை பார்த்தான் என்பது அவன் போனுக்குத்தான் தெரியும். இவளும் கைவிட்டுப் போனால் ஆயுசு முழுக்க அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டியதுதான் என்று அவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் வந்து உட்கார்ந்துவிட வேண்டும் என்று பெண்ணின் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தவறினால், அடுத்த வாரம் திருக்கோவிலூர் மாப்பிள்ளை வருகிறாராம்.

அந்த வாரம்தான் ஆயுத பூஜை முடிந்திருந்தது. மூத்தவர் என்ற முறையில் மச்சானின் காருக்கும் அப்பாவே பூஜை போட்டிருந்தார். பானெட்டைத் திறந்து சந்தனம், குங்குமம், விபூதி என்று ஒரு குறையும் வைக்கவில்லை.

ஒருவர் வண்டியில் மற்றவர் ஏறமாட்டார் என்பதால் இரண்டு வண்டியும் கிளம்பின. புதுச் சட்டை கசங்கக் கூடாதென்று தங்கதுரை மாமாவின் காரில் ஏறினான். அப்பா ஜீப்பின் கதவை அறைந்து சாத்தினார். அது திறந்துகொண்டது, மறுபடி அறைந்தார். அம்மா லட்சுமியம்மாள் பூவும் பழமும் வைத்த தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலை ஏறும் வரை கார் வழுக்கிக்கொண்டு போனது. மாமா சந்தோஷமாக இருந்தார். "சத்தம் கேக்குதா பாரு. கேக்காது." சில வளைவுகள் ஏறியதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு மாமா எவ்வளவு மிதித்தும் கார் ஏறவில்லை. ஆடு ஓட்டிக்கொண்டு நடந்து வந்த ஒருவர் அவர்களைத் தாண்டிப் போனார். ஒரு ஆடு மட்டும் நின்று உள்ளே எட்டிப் பார்த்தது.

மாமா காரை நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்துவிட்டு, சிக்னல் கிடைத்த ஒரு பாறைமேல் ஏறி நின்று கம்பெனிக்குப் போன் போட்டார். இறங்கி வந்தபோது முகம் சுருங்கியிருந்தது. "நாளைக்கு லாரி அனுப்பறாங்களாம். அதுவரைக்கும் வண்டிய அசைக்கக் கூடாதாம். அசைச்சா வாரண்டி போயிடுமாம்."

அந்த நேரம் பார்த்து கீழே இருந்து கரும்புகை முதலில் வந்தது, சத்தம் அடுத்து வந்தது, கடைசியாக ஜீப் வந்தது. அப்பா காரைத் தாண்டி, அதன் மூக்குக்கு நேர் முன்னால் ஒட்டினாற்போல் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு இறங்கினார். நடை கல்யாண மாப்பிள்ளை நடையாக இருந்தது.

"மூளைக்கு இன்னா ஆச்சி மச்சான்? ஜுரமா?" பானெட்டுக்குள் குனிந்து பார்த்தார். "நான் போட்ட துண்ணூறு எல்லாம் நல்லாத்தானே இருக்குது."

"எங்க போட்டீங்க மாமா?"

"எல்லா எடத்துலயும்தான். தோ, இந்த டப்பாவத் தொறந்து உள்ளயும் ஒரு கை போட்டேன். வண்டி மூச்சு வுடற எடமாச்சே."

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "அதுக்குள்ள சென்சாரு இருக்குது மாமா! காத்து எவ்ளோ வருதுன்னு அதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லணும். அதுல போயி சாம்பலக் கொட்டி வச்சிருக்கீங்களே!"

"சாம்பல்னு சொல்லாத, சாமி துண்ணூறு. துண்ணூறு பூசினா படுத்துக்கற வண்டி இன்னா வண்டி? என் ஜீப்புக்கு வருசா வருசம் போடறேன், முழுங்கிட்டு ஓடிக்கினு இருக்குது. இது ஓடறதுக்குக் கரண்டே வேணாம், தெரியுமா? நிறுத்தணும்னா இந்தப் பிடிய இழுக்கணும். அவ்ளோதான் கம்ப்யூட்டரு. பாரு."

ஜீப்புக்குள் கைவிட்டு இழுத்துக் காட்டினார். எஞ்சின் நின்றது. மலையே அமைதியானது.

"அய்யோ" என்றாள் அம்மா.

ஓடுவதற்குக் கரண்ட் வேண்டாம் என்பது சத்தியமான பேச்சு. கிளப்புவதற்கு வேண்டும். ஜீப்பின் பேட்டரி செத்து நாளாகியிருந்தது. அப்பா எப்போதும் சரிவில் நிறுத்தி, உருட்டிக் கிளப்புவார். இங்கேயும் சரிவு தாராளமாக இருந்தது, ஆனால் பின்பக்கமாக. பின்னால் ஒட்டிக்கொண்டு கார் நின்றது.

"கார கொஞ்சம் எறக்கு மச்சான்."

"வாரண்டி போயிடும் மாமா."

"சரி, உன் பேட்டரியிலேர்ந்து ஒரு ஒயராவது குடு."

"கம்ப்யூட்டர் எரிஞ்சிடும் மாமா."

மேலே போன பஸ் ஒன்று நிற்காமல் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. தங்கதுரை ஜீப்பை மேல்நோக்கித் தள்ளிப் பார்த்தான். ஒரு சாண் ஏறி, ஒரு சாண் இறங்கியது. பின்பக்கத்தில் படிந்திருந்த கரி முழுவதும் அவன் சட்டைக்கு மாறியது. போனில் மணி நாலைத் தாண்டியிருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. பின்னால் இரண்டு பேரும் ஜீப்பின் டீசல் பம்பு பெரிதா காரின் சென்சார் பெரிதா என்பதில் இறங்கியிருந்தார்கள்.

மேலிருந்து சத்தமே இல்லாமல் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. போட்டோவில் இருந்த அதே முகம்.

"பஸ் டிரைவர் வந்து சொன்னாரு, வளைவுல ரெண்டு வண்டிக்காரங்க சண்ட போட்டுக்கினு நிக்கிறாங்கன்னு. நம்ம மாப்ள வூட்டுக்காரங்களாத்தான் இருக்கும், போய்ப் பாருன்னு அப்பா அனுப்பினாரு" என்றாள் நிர்மலா. மலைமேல் வரைக்கும் பெயர் எட்டியிருந்தது.

இரண்டு பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு பக்கம் நியாயம் சொன்னார்கள். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கரி பூசி நின்றவனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. எது நல்ல வண்டி?"

அப்பா பார்த்தார். மாமா பார்த்தார். "ரெண்டும் நல்ல..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவன் தன் கைகளைப் பார்த்தான். எங்கிருந்துதான் வந்ததோ கோபம்.

"வண்டிங்க மேல குத்தம் இல்லைங்க. வச்சிருக்கறவங்கதான் சரியில்ல. ஒருத்தர் இழுக்கக் கூடாதத இழுக்கறாரு, ஒருத்தர் நகத்த வேண்டியத நகத்த மாட்டேங்கறாரு. நான் பேசாம பஸ்ல வந்திருக்கணும்."

அப்பா தான் இழுத்த பிடியைப் பார்த்தார். மாமா வாரண்டியை மறந்தார். அம்மா தட்டைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். "இந்த வாயி இத்தினி நாளா எங்கடா இருந்துச்சி? நீ முன்னாடி போ. இதுங்கள நான் அடுத்த பஸ்ல இட்டுக்கினு வரேன்."

தங்கதுரை தட்டோடு ஸ்கூட்டரின் பின்னால் ஏறினான். அது நகர்ந்த பிறகுதான் அப்பா கவனித்தார். "ஏய், சத்தமும் இல்ல, புகையும் இல்ல. பேட்டரி வண்டிடா அது!"

"நம்பாதடா! பாதி மலையில நின்னுடும்!" என்றார் மாமா. இரண்டு பேரும் ஒரே பக்கம் பேசியது அதுதான் முதல் தடவை.

தங்கதுரை திரும்பிப் பார்க்கவில்லை. "நின்னா தள்ளிக்கினு வரேன்" என்று நிர்மலாவின் காதுக்கு மட்டும் சொன்னான்.

போட்டோவில் அடக்கி வைத்திருந்த சிரிப்பை அவள் இப்போது அடக்கவில்லை. அவர்கள் போய் உட்கார்ந்தபோது ராகுகாலத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.