கேழ்வரகு தின்ற புறாக்கள்

1943-ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் போகும் சாலையோரத் தோட்டம் ஒன்றில், ஜப்பான் ராணுவத்து லெப்டினன்ட் ஒகினோ சுட்ட புறாக்கள் கீழே விழவில்லை. ரவை பட்ட இடத்திலேயே இறக்கையை விரித்தபடி ஆகாயத்தில் நின்றன. காற்றடித்தால் இறகு அசைந்தது, பறவை அசையவில்லை. மழை பெய்தால் வால் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அழுகல் வாடை வரவில்லை, காகமும் கிட்டப் போகவில்லை. அந்த வாரம் கிள்ளான் பாசாரில் உப்பு கிடைக்காமல் போயிருந்தது. ஜனங்கள் இரண்டைப் பற்றியும் பேசினார்கள், உப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக.

அது முன்பு ரப்பர் தோட்டம். வெள்ளைக்கார மானேஜர் சிங்கப்பூருக்கு ஓடிய பிறகு பால் வாங்க ஆளில்லை. மரங்களை வெட்டிச் சாய்த்து, கூலிக் குடியிருப்பான லயத்தில் இருந்த குடும்பங்களுக்கு ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்து, தின்பதற்கு எதையாவது பயிர் செய்துகொள்ளச் சொன்னது புதிய சர்க்கார். எல்லோரும் மரவள்ளி நட்டார்கள். குச்சியை ஒடித்து மண்ணில் செருகினால் போதும், பராமரிப்பு இல்லாமல் கிழங்கு வைக்கும். ஆனால் மரவள்ளிக் கொல்லையில் புறாவுக்கு ஒன்றும் இல்லை. இரை மண்ணுக்கடியில் இருக்கும் நிலத்துக்குப் புறா எதற்கு வரும்? மானேஜர் பங்களாவில் கிடைத்த இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒகினோ முதல்முறை சுற்றிவந்தபோது, காலையிலிருந்து மதியம்வரை ஒரு சிறகைக்கூடப் பார்க்கவில்லை. தன் ஊரில் தகப்பனாரோடு சேர்ந்து வயலில் புறா சுட்டு வளர்ந்தவர் அவர். திரும்பும்போது ஆற்றங்கரையை ஒட்டிய நல்ல மண்ணைக் காலால் கீறிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். கூட வந்த ஜெய்னுதீன் அதைத் தமிழில் சொன்னார். ஜெய்னுதீன் கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். துணி வருவது நின்றபின் ஜப்பான் பாஷை கற்று, துபாஷி வேலையில் உயிரை ஒட்டிக்கொண்டிருந்தார்.

“ஆத்தங்கரை நிலம் முழுக்கக் கேவுரு விதைக்கணுமாம். கதிர் முத்தினா யாரும் குருவி விரட்டக் கூடாதாம்.”

“விரட்டலைன்னா புறா தின்னுட்டுப் போயிடுமே, பாய்” என்றார் கங்காணி நாகையா.

“அதுக்குத்தான்.”

கேழ்வரகு முத்தியது. மலாய்க்காரர்கள் தெக்குக்கூர் என்று சொல்லும் புள்ளிப்புறாக்கள் கூட்டங்கூட்டமாக இறங்கின. வீரம்மாவின் புருஷன் சபாபதி, தன் பங்குக் கதிரைப் புறா மேய்வதைப் பொறுக்காமல் ஒரு மண்கட்டியை எடுத்து எறிந்தார். ஒகினோ அவரைக் கூப்பிட்டு அறைந்து, வெயிலில் நிற்க வைத்தார். பிறகு தோளையும் கையையும் மாடு பிடிப்பவர்போல அழுத்திப் பார்த்து, ஜெய்னுதீனிடம் திருப்தியோடு ஒரு வார்த்தை சொன்னார். ஜெய்னுதீன் அதை மொழிபெயர்க்கவில்லை. அன்றைக்குத்தான் புறாக்கள் முதல்முதலாக விழாமல் நின்றன.

ஒகினோவுக்குக் கோபம் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்த கறி மேலே தொங்குகிறது. சபாபதியையே மூங்கில் கழியில் ஏறி அதைப் பறித்து வரச் சொன்னார். சபாபதி ஏறி, இரண்டு கையாலும் ஒரு புறாவைப் பிடித்து இழுத்தார். கழி வழுக்கிச் சாய்ந்தது. புறா அசையவில்லை, சபாபதி அதைப் பிடித்தபடி காலை உதறிக்கொண்டு தொங்கினார். ஏணி கொண்டுவந்து இறக்க வெகுநேரம் ஆனது.

“சூடா இருக்கு வீரம்மா. உயிரோட இருக்கிறது மாதிரி” என்று அன்று வீட்டில் சொன்னார்.

“உங்க பாரத்தைத் தாங்குச்சா?” என்று கேட்டாள் வீரம்மா.

“சுவத்துல அடிச்ச ஆணி மாதிரி.”

வீரம்மா வாசலுக்குப் போய் இருட்டில் அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பால்மரம் வெட்டுவதில் கை சுத்தம், பேச்சு குறைவு.

வேறு இடங்களில் ஒகினோ சுட்ட புறாக்கள் ஒழுங்காக விழுந்தன, வறுத்தும் தின்றார். இந்த ஆற்றங்கரைக் கேழ்வரகைத் தின்ற புறா மட்டும்தான் விழுவதில்லை என்பது சீக்கிரமே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஒகினோவின் கோபமும் பெருமையாக மாறியது. குறி தவறாத கைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கோலாலம்பூரிலிருந்து ரயிலேறி அதிகாரிகள் வந்து அண்ணாந்து பார்த்துக் கைதட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த விளைச்சலின்போது பெரிய அதிகாரியே வந்து சுடப்போவதாகச் செய்தி வந்தது. அதை ஊருக்குச் சொன்ன ஜெய்னுதீன், தண்ணீர்க் குழாயடியில் வீரம்மாவைத் தனியாகப் பார்த்து மிச்சத்தைச் சொன்னார்.

“தங்கச்சி, பெரியவர் வர்ற அன்னைக்கே லோரியும் வருது. சயாமுக்கு. அன்னைக்கு உன் வீட்டுக்காரர் தோளைத் தொட்டுப் பார்த்து என்ன சொன்னாருன்னு நான் சொல்லலை. ‘ரயில் பாதைக்கு நல்ல ஆளு’ன்னாரு.”

சயாம் ரயில் பாதைக்கு அந்தத் தோட்டத்திலிருந்து ஏற்கெனவே ஒரு லோரி ஆட்கள் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் கோலாலம்பூர்ச் செந்தூலில் அக்கா வீட்டுக்குத் திரும்பி வந்தார். கால் புண்ணில் எலும்பு தெரிந்தது. மற்றவர்களைப் பற்றி யார் கேட்டாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த விதைப்பின்போது வீரம்மா யாரும் செய்யாததைச் செய்தாள். ஆற்றங்கரையை அடுத்த தன் துண்டில் இருந்த மரவள்ளியை இளசாக இருக்கும்போதே பிடுங்கிப் போட்டுவிட்டு அங்கும் கேழ்வரகு விதைத்தாள். ஆற்றங்கரையில் தன் பங்கிலும் நிலம் முழுக்க ஒரே நாளில் விதைக்கவில்லை. வாய்க்கால் ஓரம் ஒரு பாத்தி, பத்து நாள் கழித்து அதற்கு அப்பால் ஒன்று, பிறகு வெட்டாமல் விட்ட பலாமரத்தடியில் ஒன்று, கடைசியாக மூங்கில் புதருக்குப் பின்னால் ஒன்று. ஒகினோ எப்போதும் செம்மண் பாதையில் ஒரே இடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் சுடுவார். வாய்க்கால் ஓரத்துப் புறா எழும்பியவுடன் இடுப்புயரத்தில் அடிபடும். பலாமரத்தடிப் புறா கிளையைத் தாண்டியபின்தான் அவர் கண்ணில் படும். மூங்கிலுக்குப் பின்னால் மேய்வது மூங்கிலைவிட உயரம் ஏறியாக வேண்டும். எந்தப் பாத்தி எப்போது முத்துகிறதோ, அதைப் பொறுத்துப் புறா நிற்கும் உயரம்.

கங்காணி நாகையாவுக்கு அது பிடிபடவில்லை. பெரிய உடம்பும் பெரிய குரலும் உள்ள மனிதர். லோரிக்கு ஆள் குறித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. அதைச் செய்யத் தொடங்கியதிலிருந்து யார் முகத்தையும் பார்த்துப் பேசுவதை விட்டிருந்தார்.

“ஊபிக் கிழங்கைப் பிடுங்கிட்டுப் புறாவுக்குத் தீனி போடுறியா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?”

“நீங்க ஆள் கொடுக்கிறீங்க. நான் தீனி கொடுக்கிறேன்” என்றாள் வீரம்மா.

நாகையா கையை ஓங்கினார். பிறகு இறக்கிக்கொண்டார்.

“நான் கொடுக்கலைன்னா என்னைக் கொண்டுபோவான். எனக்கும் பொண்டாட்டி இருக்கா” என்றார். குரல் சின்னதாகிவிட்டது. அவர் மனைவி இராஜம்மா தூரத்தில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த மாதங்களில் வீரம்மா வீட்டில் கீரையும் காட்டுக்கிழங்கும்தான். சபாபதியின் விலா எலும்பு வெளியே தெரிந்தது. ஒருநாள் காலியான சட்டியைப் பார்த்தபடி, “போற அன்னைக்கு வயிறு நிறைஞ்சாவது போயிருக்கலாம்” என்றார்.

“நீங்க போகப் போறதில்லை.”

“அவ்வளவு உயரம் ஏறணுமே, பிள்ளே.”

“ஏணி வச்சு ஏறிப் பால்மரம் வெட்டுனதில்லையா? கீழே பார்க்காம ஏறுங்க.”

முதல் பாத்தி முத்தியது, ஒகினோ சுட்டார். இரண்டாவது முத்தியது, சுட்டார். வாய்க்காலிலிருந்து மேலே மேலே போகும் படிகளாகப் புறாக்கள் நின்றன. ஒகினோவுக்கு அது வரிசையாக அடுக்கிய கோப்பைகளைப்போலத் தெரிந்திருக்க வேண்டும், மிகவும் ரசித்தார். மழைக்காலம் தொடங்கி மேகம் தாழ்ந்து வந்தபோது, உச்சியில் நின்ற புறாக்கள் மேகத்துக்குள் மறைந்திருந்தன. லயத்து ஆண்கள் ஒவ்வொருவராக விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. ஆனால் வீரம்மாவின் பாத்திகளுக்குக் களை எடுக்க ஆள் வரத் தொடங்கினார்கள்.

நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. பலாமரத்துப் புறாக்களுக்கும் மூங்கில் புறாக்களுக்கும் இடையே, இரண்டு ஆள் உயரத்துக்கு ஒன்றுமே இல்லை. அந்த உயரத்துக்கு வரவேண்டிய புறாக்கள் வேறு பக்கம் பறந்துவிட்டன, அல்லது ஒகினோ அன்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியைப் பார்த்துப் பார்த்து வீரம்மாவுக்குக் கழுத்து வலி கண்டது. பெரியவர் வரும் நாளும் வந்துவிட்டது.

பெரிய அதிகாரி காலையிலேயே காரில் வந்து இறங்கினார். பின்னால் கரிவாயுவில் ஓடும் லோரி வந்து, புகை கக்கிக்கொண்டே நின்றது. பெரியவர் நிறையச் சுட்டார், ஒன்றும் படவில்லை. மேலதிகாரிக்கு முன்னால் தான் சுடுவது மரியாதையில்லை என்று ஒகினோ துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்கள் போவதற்கு முன் மிச்சமிருந்த கதிரை அறுத்து முடிக்கட்டும் என்று, குறிக்கப்பட்ட ஆண்களை நாகையா அரிவாளோடு வயலில் இறக்கியிருந்தார். சபாபதி குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார். கூடாரத்தில் சாப்பாடு எடுத்து வைத்தார்கள். சாப்பாடு முடிந்தால் லோரி கிளம்பிவிடும்.

வீரம்மா பலாமரத்துக்கும் மூங்கிலுக்கும் நடுவே ஓடி, இரண்டு கையையும் ஓங்கித் தட்டி, “ஹோய்!” என்று கத்தினாள். விரட்டக் கூடாது என்ற சட்டம் வந்தபின் அந்த நிலத்தில் கேட்ட முதல் விரட்டுச் சத்தம் அது. கதிருக்குள் மறுபடி இறங்கியிருந்த புறாக்கள் வெடித்து எழும்பின. ஒகினோவின் கை, மரியாதையை மறந்து, தானாகத் துப்பாக்கியைத் தூக்கியது. இரண்டு குழலும் வெடித்தன. இரண்டு புறாக்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, இடைவெளியில் நின்றன.

ஒகினோ எழுந்து வந்து அவளைத் துப்பாக்கிக் கட்டையால் தோளில் அடித்தார். அவள் கதிருக்குள் விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்து, “ஏறுங்க!” என்றாள். அரிவாளைப் போட்டுவிட்டுச் சபாபதி ஓடினார். வாய்க்கால் ஓரத்துப் புறாவின் முதுகில் வலது கால், அடுத்ததில் இடது கால். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். காவலுக்கு நின்ற சிப்பாய்கள், மனிதர்கள் புறா மேல் மிதித்து ஆகாயத்துக்குப் போவதைச் சுடுவதற்கு உத்தரவு உண்டா இல்லையா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் துப்பாக்கியைத் தூக்குவதற்குள் கடைசிக் காலும் மேகத்துக்குள் போய்விட்டது. மேகத்தை நோக்கிச் சுட்டார்கள். ஒன்றும் விழவில்லை.

ஒரு சிப்பாய் தானும் ஏறிப் பார்க்கக் காலை வைத்தான். உள்ளங்காலுக்கடியில் ஏதோ துடிப்பதை உணர்ந்து, பூட்ஸ் வழியாகவே உணர்ந்து, இறங்கி வந்து வாந்தி எடுத்தான்.

பெரிய அதிகாரி வாயைத் துடைத்துக்கொண்டு லோரியைப் பார்த்தார். காலியாக இருந்தது. ஒகினோ நாகையாவின் பக்கம் திரும்பினார். ஜெய்னுதீன் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“ஐயா, நான் கங்காணி. நான் கங்காணி” என்று நாகையா பின்னால் நகர்ந்தார்.

“ஏறுங்க கங்காணியாரே, நிக்காதீங்க!” என்று வீரம்மா கத்தினாள்.

நாகையா அவளை நேராகப் பார்த்தார். அப்புறம் ஓடினார். அந்தப் பெரிய உடம்போடு, மூச்சு வாங்க, இரண்டு கையாலும் பற்றிப் பற்றி, பலாமரத்தைத் தாண்டி, இடைவெளியில் நின்ற புதுப் புறாக்களைத் தாண்டி ஏறினார். மேகத்துக்கு இன்னும் ஓர் எட்டுதான். ஒகினோ நிதானமாகக் குறி பார்த்துச் சுட்டார்.

இராஜம்மா வீறிட்டாள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கீழே ஒன்றும் விழுந்த சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது நாகையா, வலது கையை மேலே நீட்டியபடி, காலுக்கடியில் ஒன்றும் இல்லாமல், அங்கேயே நின்றிருந்தார். அந்த வருஷம் முழுக்கக் கங்காணிப் பங்காக அவர் வீட்டுக்கு வந்ததெல்லாம் ஆற்றங்கரைக் கேழ்வரகுதான். அவர் அதைத்தான் கஞ்சியாகவும் களியாகவும் தின்றிருந்தார்.

பெரிய அதிகாரி காரில் ஏறினார். லோரி காலியாகப் போயிற்று. ஒகினோ இருட்டும்வரை முக்காலியில் உட்கார்ந்து நாகையாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதமே அவரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். இனி மரவள்ளி தவிர வேறெதுவும் பயிரிடக் கூடாது என்று உத்தரவு வந்தது. எல்லோரும் மரவள்ளி நட்டார்கள். புறாக்கள் வருவதை நிறுத்தின. துப்பாக்கியோடு யாரும் வரவில்லை.

மேகத்தில் இருந்தவர்களுக்குக் கீழேயிருந்து கயிற்றில் கூடை போயிற்று. அவித்த கிழங்கு, கீரை, கிடைத்தால் கருவாடு. அடைமழை பெய்யும் மதியங்களில், ரோந்து வராது என்று தெரிந்தால், சபாபதி நனைந்துகொண்டே இறங்கி வருவார். வீரம்மாவின் தோள் சரியாகக் கூடாமல் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. அதில் எண்ணெய் தேய்த்துவிட்டு மறுபடி ஏறிப் போவார். சண்டை முடிந்து ஜப்பான்காரன் சரணடைந்தபோது எல்லோரும் ஒரே நாளில் இறங்கினார்கள். வெயில் படாமல் வெளுத்திருந்தார்கள். தரையில் நடக்கும்போது கொஞ்ச காலம் காலைத் துழாவி வைத்தார்கள்.

இராஜம்மா இரண்டு வருஷம் வீரம்மாவோடு பேசவில்லை. ஏறச் சொன்னது அவள்தானே. சபாபதி ஒரேயடியாக இறங்கி வந்த அன்று மாலை, இராஜம்மா அவர்கள் வாசலுக்கு வந்து நின்று, “கிட்டப் போய்ப் பார்த்தீங்களே, எப்படி இருக்காரு?” என்று கேட்டாள்.

“சூடா இருக்காரு அக்கா. தாடி வளருது” என்றார் சபாபதி.

மறுநாள் வீரம்மா அவளைக் கைப்பிடித்து மேலே கூட்டிப்போனாள். இராஜம்மா புருஷனின் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டு இறங்கினாள்.

வெள்ளைக்கார மானேஜர் திரும்பி வந்து, நிலம் முழுக்க மறுபடி ரப்பர் நட அளந்தபோது, வாய்க்காலிலிருந்து மூங்கில்வரை உள்ள பட்டையை மட்டும் விட்டுவிடச் சொன்னார். கிளை வளர்ந்தால் இடிக்கும். மாதம் ஒருமுறை கிள்ளானிலிருந்து நாவிதர் வருவார். லயத்தில் எல்லோருக்கும் முடித்துவிட்டு, பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலே போய், பக்கத்துப் புறாவில் உட்கார்ந்து நாகையாவுக்குச் சவரம் செய்வார். இராஜம்மா கீழே நின்று, நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு சொல்லுவாள்:

“மீசையை ரொம்பக் குறைச்சிடாதீங்க. அவருக்குப் பிடிக்காது.”