பாதியில் பிடுங்கிய பென் டிரைவ்

பக்கவாதம் வந்துபோன பிறகு, பஸ் ஓட்டும் அண்ணன் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வலது கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தன. பயிற்சிக்கு என்று மருத்துவமனையில் தந்த ரப்பர் பந்தை, நான் என்ன பச்சைக் குழந்தையா என்று கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டான். அண்ணி கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துபோனாள்.

தங்கை ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள். விடுமுறை நாளில் வந்தவள், பரணிலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கினாள். சிறுவயதில் இருவரும் கட்டிப் புரண்டு சண்டை போட்டது அதற்காகத்தான்.

பெட்டிக்கு உயிர் இருந்தது, டிஸ்க்தான் சுழலவில்லை. லேப்டாப்பையே அந்தப் பெட்டிபோல நடிக்கவைக்கும் எமுலேட்டர் மென்பொருளைப் போட்டால், டிஸ்கிலுள்ள கார் பந்தய விளையாட்டை அதிலேயே ஓட்டலாம் என்று அவளுடைய தோழி சொல்லியிருந்தாள். ஆனால் எமுலேட்டர் வெறும் கூடு. பெட்டி கண்விழிக்கும்போது முதலில் படிக்கிற பயாஸ் ஃபைல் உள்ளே போனால்தான் அதற்கு மூச்சு வரும். கண்ட இடத்தில் இறக்காதே, உன் பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள் என்று, ஃபைலை வெளியே எடுத்துத் தரும் நிரல் ஏற்றிய மெமரி கார்டையும் தோழியே கொடுத்தாள்.

கட்டிலருகே தங்கை கடை விரித்தாள். பெட்டியில் அந்த மெமரி கார்டையும் பென் டிரைவையும் செருகி, ஃபைலைப் பென் டிரைவில் எடுத்து, லேப்டாப்பில் உரிய ஃபோல்டரில் போட்டாள். அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று எமுலேட்டர் சாதித்தது. பெயரை மாற்றினாள், இடத்தை மாற்றினாள். ஊஹும், கிணற்றில் போட்ட கல்தான்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவன், ஃபைல் எவ்வளவு பெரியது என்று கேட்டான். பார்த்தால், தோழி சொன்ன அளவில் பாதிகூட இல்லை.

"பென் டிரைவ்ல விளக்கு மினுக்குறது நிக்கிறதுக்குள்ள பிடுங்கியிருப்ப. அவசரக்குடுக்கை."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த வசவு.

"அப்ப நீயே எடு," என்று பென் டிரைவை அவனுடைய வலது கையில் வைத்தாள்.

அது நழுவி விழுந்தது. மறுபடியும் விழுந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாளே ஒழிய, செருகித் தரவில்லை. நெற்றி வேர்க்க அவனே செருகினான். விளக்கு அணையும்வரை இருவரும் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இம்முறை எமுலேட்டர் முரண்டு பிடிக்கவில்லை. கார் பந்தயம் தொடங்கியதும் அண்ணனின் கார் நேரே சுவரில் போய் முட்டியது. அவள் மெல்லத் தன் காரின் வேகத்தைக் குறைத்தாள்.

"விட்டுக்கொடுக்காத," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்."

அவள் வேகமெடுத்து ஜெயித்தாள். இன்னொரு ஆட்டம் என்றான். மாத்திரையோடு வந்த அண்ணி, உள்ளே வராமல் கதவோரமே நின்றுவிட்டாள்.

அந்தக் கை மறுபடி பஸ் ஓட்டுமா என்று மருத்துவருக்கே தெரியவில்லை. ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டான். பந்தயத்தில் மட்டும் இன்னும் தங்கையை ஜெயித்தபாடில்லை. விடுமுறை நாளில் அவள் வரச் சற்றுத் தாமதமானாலும், அண்ணியிடம் போன் போடச் சொல்லி நச்சரிக்கிறான்.