கூரை கழற்றாத பயணம்

முரசுமோட்டையில் எங்கள் ஒழுங்கை வீடுகளிலிருந்து உல்லாசப் பயணம் போன முதல் ஆட்கள் வீரையா அண்ணையும் ராக்காயி அக்காவும்தான். போனவர்கள் என்று பார்த்தால் நாங்கள் எல்லோரும்தான் போயிருக்கிறோம். தொண்ணூற்றாறில் ஆமி வந்தபோது ஒரே கிழமையில் முழு ஊருமே போனது. ஆனால் அதற்குப் பெயர் வேறு. திரும்பி வரும் நாளை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு வெளிக்கிடுவது எங்களுக்குப் பழக்கமில்லாத காரியம். அதனால்தான் அவர்கள் அதைப் பிழையாகத் தொடங்கினார்கள்.

அவர்கள் எனக்குப் பக்கத்து வளவு, நடுவில் ஒரே வேலி. மலையகத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து, திருவையாறு, அக்கராயன் என்று இருந்து, சமாதான காலம் வந்த பிறகு இங்கே காணி பிடித்து வயல் செய்கிற ஆட்கள். ஒரே மகள் சுதர்சினி. கிருபன் என்கிற பெடியனைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போய் ஆறு வருடமாகிவிட்டது. இரண்டு வயதில் ஒரு பிள்ளையும் இருக்கிறது. கனடா என்றால் எல்லோரும் போய்க் குவிகிற ரொறன்ரோ இல்லை. அதற்கும் வடக்கே, இன்னும் வடக்கே, பெரிய ஏரி ஒன்றின் கரையில் தனியே கிடக்கிற ஒரு பட்டணம். அதன் பெயர் எங்கள் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. ஆகவே குளத்தூர் என்று வைத்துக்கொண்டோம். பெயர் வைத்தது நான்தான்.

திட்டம் போடுவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில், பரந்தன் தொலைபேசிக் கடையில். எனக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பரந்தனில் ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்று இப்போது ஞாபகமில்லை. வீரையா அண்ணை தொலைபேசியை நம்பாதவர். கனடாவுக்கே நேரே கேட்கிற மாதிரித்தான் பேசுவார். மருமகன் சொல்வதைத் திருப்பி ஒரு தடவை உரத்துச் சொல்லி உறுதிப்படுத்தவும் செய்வார். ஆகவே நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. கடைக்கு வெளியே நின்ற ஓட்டோக்காரனுக்கும் எல்லாம் தெரியும்.

"என்னாது, தையில வரக்கூடாதா? கொளம் கல்லாப் போயிருமா? அது மேல லொறி ஓடுதா?" என்று அவர் கத்தினார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, "கொளத்து மேல லொறி ஓடுதாம்" என்றார், நாங்கள் செவிடர்கள் போல.

ஆனியில் வாருங்கள், பனி கரைந்திருக்கும், வள்ளத்தில் கூட்டிப்போவேன், புரட்டாதியில் திரும்பலாம் என்று கிருபன் சொன்னான். இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சமிருக்கும் என்றும் சொன்னான்.

ராக்காயி அக்கா தொலைபேசியைப் பறித்து, "அப்ப கோழி எப்ப அடையும்?" என்று கேட்டார்.

அங்கே யாரும் கோழி வளர்ப்பதில்லையாம். அவருடைய முகத்தில் குளத்தூரின் மதிப்பு அந்த இடத்திலேயே பாதியாகக் குறைந்ததை நான் கண்டேன். மீதியை வீரையா அண்ணை குறைத்தார். அவ்வளவு பெரிய குளத்துக்கு வான் கதவு எத்தனை, எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் பாய்கிறது என்று விசாரித்தார். ஒரு ஏக்கரும் இல்லை என்று பதில் வந்தது. இரணைமடுக் குளத்தை நம்பிச் சிறுபோகம் விதைக்கிற மனிதனிடம் சொல்லக்கூடிய பதிலா அது? வரும் வழியெல்லாம் சைக்கிளை உருட்டிக்கொண்டு, "அப்பறம் எதுக்கு அத்தன தண்ணி?" என்று அவர் யாரிடமோ கேட்டுக்கொண்டே வந்தார்.

கொழும்புக்கு அலைந்து பாஸ்போர்ட்டும் விசாவும் எடுத்தார்கள். கிருபன் டிக்கெட்டும் போட்டுவிட்டான். குளிருக்கான சட்டைகளை வவுனியாவிலிருந்து கொண்டுவந்து தருவதாகப் பாஹிம் ஏற்றுக்கொண்டான். தண்ணீரூற்று முஸ்லிம் பொடியன், மோட்டார் சைக்கிளில் புடவை விற்பவன். பயணத்துக்கு இன்னும் ஒரு கிழமைதான்.

அப்படியான ஒரு புதன்கிழமை காலையில் கோழிக்குக் குறுணல் போட வெளியே வந்த நான், வீரையா அண்ணை தன் வீட்டுக் கூரையில் இருப்பதைக் கண்டேன். கையில் குறடு. ஒரு பக்கத்துத் தகரம் முழுக்கக் கழன்று வேலியில் சாத்திக் கிடந்தது. பின்வளவில் இடுப்பளவு ஆழத்துக்கு வெட்டிய கிடங்கு ஒன்று. பித்தளைக் குடமும் பெரிய கிடாரமும் சாக்குக்குள் போய்க் கிடங்கின் விளிம்பில் காத்திருந்தன.

"என்னண்ணை இது?"

"மூணு மாசம் வூடு சும்மா கெடக்குமில்ல? தகரத்த விட்டுட்டுப் போவாங்களா யாராச்சும்?" என்றார் அவர், நான்தான் விளங்காதவள் என்பது போல.

உண்மையில் எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. வீட்டை விட்டுப் போகிறவர்கள் தகரத்தைக் கழற்றுவார்கள், கதவைக் கழற்றுவார்கள், பாத்திரத்தை மண்ணுக்குள் தாட்டுவிட்டுப் போவார்கள். வேறு விதமாகப் போன யாரையும் நான் கண்டதில்லை.

நான் ஒருத்தியிடம் மட்டும்தான் சொன்னேன். அதுவும் முன்வீட்டு இரஞ்சிதத்திடம். குளத்தூருக்குப் போக வீரையா அண்ணை தகரம் கழற்றுகிறார், கிடங்கும் வெட்டியிருக்கிறார் என்று முழுதாக, ஒழுங்காகத்தான் சொன்னேன். மூன்றாவது வீட்டில் குளத்தூர் உதிர்ந்துவிட்டது. தகரமும் கிடங்கும் மட்டும் சைக்கிள் ஏறிப் போயின. சித்திரையில் சமாதானப் பேச்சுவார்த்தை நின்றுபோனதிலிருந்து சனம் மறுபடி சண்டை வரும் என்றே பார்த்துக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் நாலு வீட்டில் கூரை திறந்துவிட்டது. ஏரம்பு அண்ணை தன் உழவு இயந்திரப் பெட்டியில் அலுமாரியையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு வந்து வீரையா அண்ணையின் படலையில் நிறுத்தினார்.

"வீரையா! எந்தப் பக்கத்தால வாறாங்கள்?"

கூரையிலிருந்து, "யாருங்க வாறா?"

"ஆமி!"

"எனக்கென்னாங்க தெரியும்? நான் கனடாவுக்குல்ல போறேன்."

ஏரம்பு அண்ணை இயந்திரத்தை நிறுத்தினார். அந்த அமைதியில் எல்லோருக்கும் எல்லாம் விளங்கியது.

"கனடாவுக்குப் போறதுக்கு ஏன் மனுசா கூரையைக் கழட்டுறாய்? பிளேனில ஏத்தப் போறியோ?"

"உலை கொதிக்கக் கொதிக்க விட்டிட்டு வந்தனான்" என்று அலுமாரிக்குப் பக்கத்திலிருந்து அவர் மனைவி கத்தினா. "சோறு களியாப் போயிருக்கும். இதை முதல் ஆர் சொன்னது?"

எல்லோரும் இரஞ்சிதத்தைப் பார்த்தார்கள். இரஞ்சிதம் என்னைப் பார்த்தாள். நான் கிடங்கைப் பார்த்தேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியில் நின்ற அலுமாரியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பயம் போனதும் வருகிற சிரிப்புக்கு அளவிருப்பதில்லை.

சிரிக்காத ஒரே ஆள் ராக்காயி அக்கா. அவர் குசினிக்குள் நின்றார். மேலே தகரம் இல்லாததால் அடுப்பு மேல் வெயில் விழுந்து கிடந்தது. அந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே வந்து, யாருக்கென்றில்லாமல், "அவரு மட்டும் போவட்டும். நான் வரல" என்றார்.

பின்னேரம் நான் போய் அவருக்குப் பக்கத்தில் குந்தினேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது, அது ஊருக்கே தெரியும்.

"மலையில லயத்துக் கூரைய எரிச்சாங்க. திருவையாறுல நாங்களே கழட்டுனோம். அக்கராயன்ல கொட்டிலப் பிரிச்சோம்" என்றார். "கூரை போன வூட்டுக்கு நான் ஒருக்காக்கூடத் திரும்பி வந்ததில்ல தங்கச்சி. இன்னக்கி அடுப்பு மேல வெயிலு வுழுந்திச்சு பாரு, அப்பவே தெரிஞ்சிருச்சு. இதுவும் போச்சு. அப்பறம் அந்தக் கொளத்தோரமே குந்திக்கிட்டு இருக்கணும்."

என் வீட்டையும் எண்ணிப் பார்த்தேன். நான் விட்டுப்போன வீட்டுக்குத்தான் திரும்பி வந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் வந்தது நிலத்துக்கு. வீடு புதிதாகக் கட்டியது.

மறுநாள் பரந்தனுக்குப் போய்ச் சொன்னார்கள். அந்த முறை வீரையா அண்ணை திருப்பிச் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. சுதர்சினி அழுதது கடை வாசலுக்கே கேட்டது. "அம்மா, அவன் உன்ர படத்தைப் பாத்து அம்மாயி எண்டுறான். நான் அவனுக்கு வேற ஆரைக் காட்ட?" ராக்காயி அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அழுதால் போய்விட நேரும் என்று பயந்தவர் போல இருந்தது.

சனிக்கிழமை பாஹிம் குளிர்ச்சட்டைகளோடு வந்தான். நான் என் பக்கத்து வேலியில் ஒரு கிடுகைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அதைச் சரிசெய்ய நிறைய நேரம் எடுத்தது.

"திருப்பிக் கொண்டு போங்க தம்பி. நான் போகல" என்றார் ராக்காயி அக்கா. ஏன் என்று கேட்டான். பாதித் திறந்து கிடந்த கூரையைக் காட்டி, காரணத்தைச் சொன்னார்.

பாஹிம் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தான்.

"தொண்ணூறில முஸ்லிம் ஆக்களை எல்லாம் வடக்கை விட்டு வெளிக்கிடச் சொன்ன நேரம் எங்கட வாப்பா வீட்டைப் பூட்டி, திறப்பையும் எடுத்திட்டுத்தான் வந்தார், அக்கா. கூரையும் கழட்டல்ல, ஒண்டும் மண்ணுக்குள்ள புதைக்கல்ல. ரெண்டு நாளில திரும்பிடலாம் எண்ட நினைப்பு. பன்னிரண்டு வருசம் அந்தத் திறப்பு புத்தளத்தில அவர்ட இடுப்புப் பட்டியில கிடந்தது. போன வருசம் வந்து பார்த்தம். கூரையில்ல, கதவில்ல, சுவரில பாதியில்ல."

"நான் சொல்லல?" என்று வீரையா அண்ணை நிமிர்ந்தார். "கழட்டித்தான் வெக்கணும்!"

"நீ சும்மா இரு." ராக்காயி அக்கா பாஹிமின் பக்கம் திரும்பினார். "அப்ப அந்தத் தெறப்ப என்னா செஞ்சாரு ஒங்க வாப்பா?"

"கதவு இருந்த இடத்தில நிண்டு அதை வெளிய எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பட்டியில போட்டுட்டு உள்ள போனார்."

"கதவே இல்லாமயா?"

"கதவில்லாட்டி உள்ள போகேலாதா, அக்கா? எங்கட வீடுதானே."

நான் கிடுகை விட்டுவிட்டேன். ராக்காயி அக்கா மூட்டையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்து, "பூச்சி உருண்டை நாத்தம்" என்றார். ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஞாயிறு விடிய வீரையா அண்ணை மறுபடியும் கூரையில். இந்த முறை சுத்தியலோடு, தகரத்தைத் திருப்பி அடித்துக்கொண்டிருந்தார். "இவளோட கட்டளை" என்று மட்டும் சொன்னார். குடமும் கிடாரமும் சாக்கிலிருந்து வெளியே வந்து பழைய இடத்தில் அமர்ந்தன. வெட்டிய கிடங்கை வீணாக்காமல் அதில் ஒரு வாழைக்குட்டியை வைத்தார்கள். ராக்காயி அக்கா ஒரு பாத்திரத்தையும் மறைத்து வைக்கவில்லை, யார் வீட்டுக்கும் கொடுத்து வைக்கவில்லை. சந்தைக்குப் போய் வருகிறவர் போல வீட்டை அப்படியே வைத்தார்.

போகிற அன்று காலையில் ஒரு சேலையைத் தோய்த்து, வீட்டுக்குள் கொடியில் போட்டார். வாசலில் வாடகை வான் நிற்கிறது, இந்த மனுசி சேலை பிழிகிறா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கதவைப் பூட்டி, வேலியடிக்கு வந்து, திறப்பை என் கையில் வைத்தார்.

"என்னட்டையோ?" என்றேன். மூன்று தெருவுக்குக் கதை காவுகிறவள் நான் என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர் அவர்தான்.

"நீ எப்பிடியும் எட்டித்தான் பாப்ப. தெறப்போட பாரு" என்றார். "வெள்ளிக்கெழம வெளக்கு வையி. சேல காஞ்சதும் மடிச்சு வையி, வந்து கட்டணும்."

போய்விட்டார்கள். அந்த வீட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அறிய எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பேன்! இப்போது திறப்பே கையில் இருந்தது, ஆசை எங்கே போனதென்று தெரியவில்லை. வெள்ளி மாலை உள்ளே போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, அரிசிப் பானை, சுதர்சினியின் பள்ளிக்கூடப் படம், ஈரம் போன சேலை. விளக்கை வைத்தேன், சேலையை மடித்தேன், கதவைப் பூட்டினேன். ஒருவரிடமும் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இரஞ்சிதம் இரண்டு கிழமை என்னைச் சந்தேகமாகவே பார்த்தாள்.

ஆடியில் பரந்தன் கடையில் எனக்கு அழைப்பு வந்தது. ராக்காயி அக்கா குளத்தைப் பற்றிச் சொல்வார் என்று ஆவலோடு போனேன்.

"கூரை இருக்கா?"

"இருக்கு அக்கா. குளம் எப்பிடி?"

"உள்ள போனியா?"

"சீச்சீ, நான் ஏன் போறன்?"

"அப்ப வெள்ளிக்கெழம வெளக்கு யாரு வெச்சது?"

அகப்பட்டுக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் ஒரு குழந்தை சிரித்தது. அதைச் சிரிக்கவைத்தது என் பதிலல்ல என்று நம்புகிறேன்.

புரட்டாதியில் சொன்ன கிழமையிலேயே வான் வந்து நின்றது. ஒழுங்கை முழுக்கக் கூடிவிட்டது. ஏரம்பு அண்ணை, "என்ன வீரையா, குளத்துக்கு வாய்க்கால் வெட்டினாங்களோ?" என்று தொடங்கினார். "நானும் கேட்டுப் பாத்தேங்க, ஒருத்தனுக்கும் அக்கறையில்ல" என்று வீரையா அண்ணை கவலையோடு சொன்னார். பேரன் பற்றிக் கேட்டோம், வள்ளம் பற்றிக் கேட்டோம், இரவு வெயில் பற்றிக் கேட்டோம். ராக்காயி அக்கா என்னிடம் கையை நீட்டினார். திறப்பைக் கொடுத்தேன்.

அவர் கதவடியில் நின்றார். கூரையைப் பார்த்தார். என் நெஞ்சளவுக்கு வளர்ந்திருந்த வாழையைப் பார்த்தார். திறப்பைப் பூட்டில் வைத்துவிட்டு, திருப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பூட்டு திறந்தது. உள்ளே போனார்.

பிறகு கையில் அந்தச் சேலையோடு வாசலுக்கு வந்து, கண்களைத் தேய்த்துக்கொண்டே, அத்தனை பேருக்கும் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இது என்னாடி மடிப்பு? ஒரு சேல மடிக்கத் தெரியுதா ஒனக்கு?"

உதறி, மறுபடி தானே மடித்து, உள்ளே கொண்டுபோய் வைத்தார்.