பிணவறை வரை பேச்சுத்துணை

பயம் என்பது படிப்பறிவில்லாத நரம்புகளின் கூச்சலே தவிர வேறொன்றுமில்லை என்று விக்னராஜா, புலம்பெயர்ந்து வந்த லிட்கம் வீட்டுக் குசினியில் அறிவித்தான். அம்மா கோழி வெட்டிக்கொண்டிருந்ததால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் அறிவித்தான்.

அப்பா இந்திரகுமார் பேப்பரை மடித்தார். "இந்த விடுமுறைக்கு ஆசுப்பத்திரியில எடுபிடி வேலை செய். நிண்டு பிடிச்சால் மெடிசினுக்கு விண்ணப்பம். ஓடி வந்தியோ, அக்கவுண்டன்சி."

அது எழுபத்தைந்தாம் ஆண்டுக் கோடை. அக்கவுண்டன்சி என்று கேட்டாலே விக்னராஜா அறையைவிட்டு எழுந்துபோவான். நோயாளிகளின் வண்டி தள்ளும் வேலையில் சேர்ந்தான்.

முதல் நாளே ஒரு கிழவர் இறந்துபோனார். பிணவறைக்குத் தள்ளும்போது கூட வந்த நர்ஸ் விமலா, வேலூர்க்காரி, போர்வையைச் சரிசெய்தபடி, "தாத்தா, இதோ லிஃப்ட் வந்துடுச்சு," என்றாள்.

"அக்கா, உயிரோட இருக்கேக்கையே அவருக்குத் தமிழ் தெரியாது."

"நான் இங்கிலீஷ்ல கேட்டதுக்கும் அவர் பதில் சொன்னதில்ல, தம்பி."

பிணவறைக் கதவடியில், "போயிட்டு வர்றேன் தாத்தா," என்றும் சொன்னாள். செத்தவீட்டில் யாராவது அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவார்களா? விக்னராஜா ரயிலில் நினைத்து நினைத்துச் சிரித்தான். வீட்டில் நடித்தும் காட்டினான்.

மறுநாள் விமலாவுக்கு லீவு. இன்னொரு கிழவர். இந்தமுறை அவன் தனியே.

கீழ்த்தளத்தில் லிஃப்ட் வாசலைத் தாண்டும்போது வண்டி குலுங்கியது. போர்வைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

உடலை அசைத்தால் நெஞ்சில் மிஞ்சிய காற்று வெளியேறும் என்று அவன் படித்திருந்தான். படித்ததெல்லாம் மேல்மாடியிலேயே நின்றுவிட்டது. பின்னால் லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. மூக்கிருக்கும் இடத்தில் போர்வை அசைவது போலவும் இருந்தது, அசையாதது போலவும் இருந்தது. எது மோசம் என்று அவனால் சொல்ல முடியவில்லை. படிக்கட்டு பக்கத்தில்தான். ஏறி ஓடினால் வெயில், தெரு, அக்கவுண்டன்சி.

வண்டிக் கம்பியை இறுகப் பிடித்தான்.

"ஒண்டுமில்லை அங்கிள்," என்றான். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "லிஃப்ட் வாசல் கொஞ்சம் மேடு. இனிக் குலுக்கமாட்டன்."

குலுக்காமல் தள்ளினான். வழிநெடுக வெயிலைப் பற்றியும், கிரிக்கெட்டைப் பற்றியும், கணக்கு தனக்கு ஒத்துவராததைப் பற்றியும் சொன்னான். அங்கிள் குறுக்கிடவில்லை.

பிணவறை ஊழியர் வண்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். விக்னராஜா கதவடியில் நின்று முன்னும் பின்னும் பார்த்தான். யாருமில்லை.

"போட்டு வாறன், அங்கிள்," என்றான், மெதுவாக.