முனைச் செடியில் மஞ்சள் துணி

கிள்ளானில் அந்தத் தாமான் குடியிருப்புக்குள் நுழைகிற சிம்பாங் சந்திப்பில் காகிதப்பூச் செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. சும்மா சொல்லக்கூடாது, பூத்தால் பார்க்க அம்சமாக இருக்கும். ஆனால் முனையில் வண்டி திருப்புகிறவனுக்கு எதிரே வருவது லோரியா மோட்டார் சைக்கிளா என்று தெரியாது. பள்ளி வேன் ஓட்டும் தங்கமணி அந்த முனையைக் கண்டாலே ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். போன வாரம் ஒரு மோட்டார்காரன் குறுக்கே பாய, அவள் மிதித்த பிரேக்கில் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களெல்லாம் உருண்டு ஓடின. அன்றைக்கே சிவநேசன் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டாள்.

சிவநேசனுக்கு ரோட்டோரச் செடி வெட்டுகிற குத்தகைக் கம்பெனியில் மேஸ்திரி வேலை. நல்ல மனுஷன், ஆனால் வாய் கொஞ்சம் முந்தும். திங்கட்கிழமை வேன் வரும்போது முனை மொட்டையாக இருக்கும், நீ வேணும்னா பாரு என்று பெரிதாக வாக்குக் கொடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மிஷினோடு போனான். பாதி வெட்டியிருப்பான், ஒரு கொண்டைக்குருவி அவன் தலைக்கு மேலே வட்டமடித்து ஏசு ஏசு என்று ஏசியது. கிளையை விலக்கிப் பார்த்தால் கூடு. உள்ளே இரண்டு குஞ்சுகள், உடம்பு பூராவும் வாய்தான். சிவநேசன் மிஷினை அணைத்துவிட்டுத் தலையில் கை வைத்தான். முனையில் செடி முழங்காலுக்கு மேல் நிற்கக்கூடாது என்பது கம்பெனி விதி. கூட்டில் குஞ்சு இருந்தால் பறக்கிற வரை தொடக்கூடாது என்பதும் அதே கம்பெனி விதிதான். இரண்டையும் எழுதின புண்ணியவான் ஒருநாளும் இந்த முனைக்கு வந்திருக்க மாட்டான்.

கூட்டைச் சுற்றி ஒரு சோபா அகலத்துக்கு மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டினான். அந்தச் சோபா அகலம்தான் சரியாக வளைவை மறைத்தது. அடுத்த முறை வெட்ட வருகிற கம்பெனி ஆள் லோகன் தெரியாமல் வெட்டிவிடக்கூடாதே என்று அடையாளம் கட்டப் பார்த்தான். சிவப்பு வெள்ளை நாடா தீர்ந்திருந்தது. லோரியில் தைப்பூசத்துக்கு வாங்கி மிச்சமான மஞ்சள் துணி கிடந்தது. அதைக் கிழித்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். அட மடையா! நம்ம ஆட்கள் இருக்கிற இடத்தில் செடிக்கு மஞ்சள் துணி கட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா?

மறுநாள் காலை, வேன் போகிற வரை தானே நின்று கொடி காட்டலாம் என்று ஓடி வந்தான். செடிக்கு முன்னால் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், அகல் விளக்கு. பக்கத்தில் எந்தச் சீன அங்கிளோ வைத்த ஆரஞ்சு. லோகன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். சிவநேசனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

தங்கமணி வேனை ஓரம் கட்டி இறங்கினாள். மொட்டை எங்கே என்று கேட்டாள். அவன் இலையை விலக்கிக் காட்டினான். வேன் ஜன்னலெல்லாம் பிள்ளைகளின் தலை. அவள் குஞ்சுகளைப் பார்த்தாள், பிறகு ரோட்டைப் பார்த்தாள். நேற்று வரை ராக்கெட் விட்ட மோட்டார்காரப் பையன்கள் ஒவ்வொருத்தராக முனையில் வேகத்தைக் குறைத்து, நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள்.

"பறக்கிற வரைக்கும் இருக்கட்டும். ஆனா தினம் காலையில நீ கொடியோட இங்க நிக்கணும் சிவா," என்றாள்.

நின்றான். அந்த முனையில் அத்தனை நாளும் ஒரு ஹாரன் சத்தம் இல்லை. குஞ்சுகளுக்கு இறகு முளைத்தது, கொண்டை முளைத்தது. ஒரு காலை, வேன் பிள்ளைகள் பார்க்கப் பார்க்க, ஒன்று பறந்து போஸ்ட் கம்பத்தில் உட்கார்ந்தது, மற்றது அதன் பின்னாலேயே போனது. வேனுக்குள் எழுந்த கூச்சல் அடுத்த தாமானுக்கே கேட்டிருக்கும். சிவநேசனும் கொடியை ஆட்டிக் கூத்தாடினான்.

அதற்குப் பிறகுதான் வினை. வெட்டப் போனால் ஆட்கள் கூடிவிட்டார்கள். சாமி இருக்கிற செடியில் மிஷின் வைப்பதா என்றார்கள். தகரக் கூரை போடுவதற்கு ஒருவர் அளவே எடுத்துவிட்டார். லோகனோ மிஷினைத் தொடவே மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டான். கூரை ஒன்று ஏறிவிட்டால் முனை மறைந்தது மறைந்ததுதான். பழகிப்போய் எல்லாரும் மறுபடி பறக்க ஆரம்பித்தால், அந்த வேன் என்னாவது? 

எதிரே ஆப்பக் கடை போட்டிருந்த வீரம்மாதான் தினமும் விளக்கு ஏற்றுகிறவள். அவளிடம் உண்மையைச் சொல்லி, திட்டு வாங்கிக்கொள்வது என்று போனான். அக்கா, அது சாமி துணி இல்லக்கா, குருவிக் கூட்டுக்கு நான் கட்டின அடையாளம்க்கா என்று மென்று விழுங்கிச் சொல்லி முடித்தான்.

வீரம்மா ஆப்பத்தை எடுத்துத் தட்டில் போட்டாள். "நீ கட்டும்போது நான் இங்கதானே நின்னேன் தம்பி. மெதுவா போங்கடான்னு எத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன், ஒருத்தன் கேட்டானா? சாமின்னு நான் ஒரு வார்த்தை சொல்லல லா. எலுமிச்சம்பழத்தை வெச்சேன், அவ்வளவுதான். மீதிய அவங்களே சொல்லிக்கிட்டாங்க."

சிவநேசன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு ரோட்டைக் கடந்தாள். விளக்கையும் துணியையும் எடுத்துக்கொண்டாள். இத்தனை நாள் குடியிருந்த ஜீவன்கள் நல்லபடியாகக் கிளம்பிப் போய்விட்டன, இனி வெட்டலாம் என்று கூட்டத்திடம் சொன்னாள். விளக்கு வைத்தவளே சொன்ன பிறகு யார் மறுப்பது? கூரைக்காரர் அளவு நாடாவைச் சுருட்டினார். லோகன் மிஷினை முடுக்கினான்.

மறுநாள் காலை முனை மொட்டையாக, ரோடு கடைசிவரை தெரிந்தது. தங்கமணி வேனைத் திருப்பும்போது எதிரே ஒரு மோட்டார்காரப் பையன் சீறிக்கொண்டு வந்தான். முனைக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தான். ஒன்றுமில்லாத வெளியைப் பார்த்து, நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.