மூன்று கையெழுத்து

ஆரோக்கியமேரி கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறாள். இரும்புக் கட்டுகளைத் தூக்கி லாரியில் வைக்கும் கிரேன். அதன் கம்பி ரோப்பில் நான்கு இழைகள் அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்றே புகார் நோட்டில் எழுதினாள். பன்னிரண்டு நாளாகியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மெயின்டனன்ஸ் தணிகாசலத்திடம் போனாள்.

"புது ரோப்பு ஸ்டோர்ஸ்ல கீதும்மா. கிரேனை நிறுத்தச் சொல்லி புரொடக்‌ஷன்ல கையெழுத்து வாங்கினு வா. ரெண்டு மணி நேரத்துல மாத்திடறேன்."

புரொடக்‌ஷன் மேனேஜர் எட்வர்ட் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அம்பது லாரி நிக்குது. ஆபத்துன்னு சேஃப்டி எழுதிக் குடுத்தா நிறுத்தறேன்."

சேஃப்டி அதிகாரி ஜோஷ்வா வாசல் பலகையைக் காட்டினார். விபத்தில்லாத நாட்கள் 412. "இப்ப போயி ஆபத்துன்னு எழுதினா மேல இருந்து கேள்வி வரும். மெயின்டனன்ஸ்லயே பேசிக்கோம்மா."

"மூணு பேரும் ஒரே கேன்டீன்லதான சார் டீ குடிக்கிறீங்க? அங்க பேசிக்கக் கூடாதா?"

ஜோஷ்வா போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, ஓர் இரும்புக் கட்டைத் தூக்கும்போது ஐந்தாவது இழை 'டப்' என்று தெறித்தது. கட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. நேர் கீழே லோடுமேன் அப்பாவு நின்றிருந்தார்.

"அண்ணே, தள்ளு!" என்று அலறினாள். அவர் விலகியதும் கட்டை மெல்லத் தரையில் இறக்கினாள். சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கினாள்.

பத்தே நிமிடத்தில் மூன்று அதிகாரிகளும் ஓடிவந்தார்கள்.

"யாரைக் கேட்டு நிறுத்தின?" என்று எட்வர்ட் கத்தினார்.

"இன்னும் யாரைக் கேக்கணும் சார்? உங்க மூணு பேரையும் கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. ரோப்பு மாத்தாம ஏறமாட்டேன்."

அப்பாவு கையுறையைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். மற்ற லோடுமேன்களும் வந்தார்கள். வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன.

மூவரும் ஒரு லாரியின் பானெட் மேல் கிரேனை நிறுத்தும் அனுமதிக் காகிதத்தை வைத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்கள். ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் புது ரோப் ஏறியது.

மாலையில் மேரிக்கு மெமோ வந்தது: அனுமதியின்றி உற்பத்தியை நிறுத்தியது குற்றம். மன்னிப்புக் கேட்டு எழுதினால் விட்டுவிடுவார்களாம். அவள் யாரிடம் என்றைக்குப் போனாள், அவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் தேதியோடு எழுதிக் கொடுத்தாள். மன்னிப்பு என்ற சொல்லை எழுதவில்லை. பதிலும் வரவில்லை.

அடுத்த வாரம் இரண்டாவது கிரேன் ஓட்டும் ஸ்டீபன், பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லி இறங்கிவிட்டான். தணிகாசலம் யாரையும் கேட்காமல் தானே ஸ்பானரோடு ஏணியில் ஏறினார்.